வீட்டு வண்டியும் எருமை ராசாத்தியும்

பொன்செல்விக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் இறங்குவதற்குள், அவள் பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், கொழுந்தனுக்கு என்ன வேலை, பையில் என்ன காய் என்று ஒன்று விடாமல் கேட்டுவிடுவாள். பொல்லாத்தனம் துளியும் கிடையாது. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்டவளின் தோட்டத்து வேப்பமரத்தடியில் ஒரு வீடு சக்கரத்தோடு வந்து நின்றால் சும்மா இருப்பாளா?

தோட்டம் சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகிற வழியில் இருக்கிறது. கொஞ்சம் எலுமிச்சை, மழையை நம்பி உளுந்து, நாலைந்து ஆடுகள், ஒரு எருமை. புருசன் இசக்கிப்பாண்டி புளியங்குடி மார்க்கெட்டுக்கு எலுமிச்சை போடுகிறவர். அங்கே கமிஷன் கடை வைத்திருப்பவரின் மகள்தான் கோகிலா. அவளுக்கும் அவள் வீட்டுக்காரன் அபிஷேக்குக்கும் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. எங்கே இருந்தும் பார்க்கலாமாம். ஒரு வேனையே வீடாக மாற்றிக்கொண்டு ஊர் ஊராகத் தங்கிப் போகிறார்கள். ஒரு வாரம் தோட்டத்தில் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டதும் இசக்கிப்பாண்டி, "தாராளமா வாங்க" என்று சொல்லிவிட்டார்.

வந்த மறுநாள் காலையில் பொன்செல்வி ஒரு செம்புப் பாலோடு போய் நின்றாள். பால் ஒரு சாக்கு.

"ஏம்மா, சமையல் எங்கன? கக்கூஸும் உள்ளயேவா? அந்தத் தண்ணி எல்லாம் எங்கன போவுது?"

கோகிலா சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். கட்டிலைத் தூக்கினால் அடியில் தண்ணீர்த் தொட்டி. பலகையை இழுத்தால் சாப்பாட்டு மேசை. கதவு என்று நினைத்ததைத் திறந்தால் குளியலறை. பொன்செல்வி வாய் பிளந்து நின்றாள். "அடி ஆத்தீ! எங்க வீட்டுல இத்தன அறை இல்லயே தாயி!"

அவள் மட்டுமா விருந்தாளிகளைப் பார்க்க வந்தாள்? ஆட்டுக்குட்டிகள் வேன் படியில் ஏறி இறங்கி விளையாடின. சேவல் கூரைமேல் இருந்த சோலார் தகட்டில் நின்று கூவியது. எருமை ராசாத்தி, வேனின் பக்கவாட்டை உப்புக்கட்டி மாதிரி நக்கியது. அபிஷேக் கழுத்தைச் சொறிந்துவிட்டால் போதும், அவன் தோளிலேயே தலையை வைத்துக்கொள்ளும். அதுதான் ராசாத்தி. யாருக்கும் தலையைக் கொடுக்கும். மடியைக் கொடுக்காது. பொன்செல்வி உட்கார்ந்தால்தான் பால் சுரக்கும்.

அந்தப் பெருமை பொன்செல்விக்கு நிறைய உண்டு. "எம் பிள்ள மாதிரி, என்னைய விட்டா வேற ஆளு கை பட விடாது" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மாடு கட்டினவள் மறு ஊரில் தலை சாய்க்க முடியுமா? கல்யாணவீடோ துஷ்டிவீடோ, எங்கே போனாலும் சாயங்காலப் பாலுக்குத் திரும்பிவிடுவாள்.

திருப்பூரிலிருந்து போன் வந்ததும் அந்தப் பெருமையே கழுத்தைப் பிடித்தது. மகள் பேச்சியம்மாளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்துவர நாள் பார்த்திருந்தார்கள். அதற்குள் டாக்டரம்மா, பிள்ளை பிறக்கிற வரைக்கும் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது, பயணம் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டாள். மாமியார் இல்லாத வீடு. மருமகன் பனியன் கம்பெனிக்குப் போனால் பொழுதடைந்துதான் வருவான்.

"யம்மா, நீ வாரியாம்மா?" என்று மட்டும் பேச்சியம்மாள் கேட்டாள். பொன்செல்வியின் கண் ராசாத்தி கட்டியிருந்த பக்கம் போனது.

சாயங்காலம் இசக்கிப்பாண்டியைக் கறக்கச் சொல்லிப் பார்த்தாள். அவர் சின்ன வயதிலேயே கறந்து பழகிய கைதான். ராசாத்தி முகர்ந்து பார்த்தது, காலை உதறியது, வாளி எலுமிச்சை மரத்து மூட்டில் போய் விழுந்தது. பக்கத்துத் தோட்டத்து மருதப்பன் வந்து உட்கார்ந்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. இரண்டு வேளை கறக்காமல் போனால் பால் கட்டி மடி வீங்கிவிடும்.

"ஏட்டி, வித்துட்டுப் போவமா?" என்றார் இசக்கிப்பாண்டி மெதுவாக.

"கன்னும் கையுமா நிக்கிறத விக்கவா? வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க!" என்று கத்திவிட்டு, அடுப்படிக்குப் போய் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மகளுக்குப் பக்கத்தில் இருக்கவும் முடியவில்லை, இருக்காமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் வேன் கிளம்ப வேண்டும். அடுத்து கோயம்புத்தூர்ப் பக்கம். "திருப்பூர்ல உங்கள இறக்கி விட்டுட்டுப் போறோம்க்கா, வாங்க" என்று கோகிலா கூப்பிட்டாள். பொன்செல்வி முடியாது என்று தலையை ஆட்டினாள். "எங்கன வர? ராசாத்திக்கு என்னையத் தவிர யாரையும் தெரியாதுல்லா."

"உங்கள அதுக்கு எப்படிக்கா தெரியுது? முகத்தப் பாத்தா? குரலா? வாசனையா?"

உலகத்தில் உள்ளவர்களை எல்லாம் கேள்வி கேட்ட பொன்செல்வி, தினமும் இரண்டு வேளை மடியில் கை வைக்கிற எருமையைப் பற்றி இதைக் கேட்டதே இல்லை. கூத்தைப் பாருங்கள்! அதற்குமேல் இருப்புக் கொள்ளுமா? அழுத கண்ணிலேயே ஒரு வெளிச்சம் வந்துவிட்டது.

"சோதிச்சுப் பாத்துருவமா தாயி?"

வேனுக்குள் குளித்தாள். கோகிலாவின் மணக்கிற சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் எங்கே போகிறது என்று அப்போதும் குனிந்து பார்த்துக்கொண்டாள். கோகிலாவின் துவைத்த சுடிதாரை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது இசக்கிப்பாண்டிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னட்டி, காலேஜுக்குப் போறியா?"

"பேசாம இருங்க. ராசாத்தி என்ன சொல்லுதான்னு பாப்போம்."

கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டிவிட்டு, வழக்கமான பக்கம் உட்கார்ந்தாள். "ராசாத்தி, என் தங்கம்" என்று கொஞ்சினாள். எருமை காதைத் திருப்பியது. மூக்கை நீட்டி அவள் தோளை முகர்ந்தது. புஸ்ஸென்று மூச்சுவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டது. காம்பை எவ்வளவு இழுத்தும் பால் இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த எருமை, அவளை அந்நியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தது!

பொன்செல்வி எழுந்தாள். வீட்டுக்குள் போய்க் கொடியில் கிடந்த, சாணியும் பாலும் வேர்வையும் ஏறிப்போன, கறக்கிறபோது கட்டுகிற பழைய சேலையை எடுத்துவந்து புருசன் கையில் கொடுத்தாள்.

"கட்டுங்க."

"ஏட்டி, எவனாவது பாத்தா மானம் போயிரும்!"

"உங்க மவளுக்காவக் கட்டுங்க."

இசக்கிப்பாண்டி மீசையை ஒருதரம் தடவிக்கொண்டார். வேட்டிமேல் சேலையைச் சுற்றி, முந்தானையைத் தலைவழியே இழுத்துவிட்டு உட்கார்ந்தார். ராசாத்தி திரும்பி முந்தானையை முகர்ந்தது. ஒருதரம் நக்கியது. பிறகு அசைபோட ஆரம்பித்தது. வாளியில் சர் சர்ரென்று பால் விழுந்தது.

அபிஷேக் கைதட்டிவிட்டு, ராசாத்தி மிரளுமோ என்று கையைக் கட்டிக்கொண்டான். கோகிலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொன்செல்வி மட்டும் வேன் படியில் அந்தச் சுடிதாரோடு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருசம் எத்தனை கல்யாணத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்திருப்பாள்! எத்தனை பேரிடம் பெருமை பேசியிருப்பாள்!

"அட சண்டாளி," என்றாள் எருமையைப் பார்த்து, "ஏட்டி, இந்தக் கந்தல் சேலைக்கா இவ்வளவு நாளும் பாலு குடுத்த?" சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வழிந்தது.

வேன் கிளம்புவதை ஒரு நாள் தள்ளிவைத்து, இன்னும் இரண்டு வேளை பார்த்தார்கள். இரண்டு வேளையும் சேலை கட்டிய இசக்கிப்பாண்டிக்கு ராசாத்தி குறையில்லாமல் சுரந்தது. "தப்பித் தவறி அதைத் துவைச்சிராதிய" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, கருப்பட்டியும் உளுந்துமாவும் கட்டிய பையோடு பொன்செல்வி வேனில் ஏறினாள்.

கோவில்பட்டி ரோட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டாள்.

"மக்கா, நான் வாரேன். பிள்ள பொறந்து நீ எந்திரிச்சு நடமாடுத வரைக்கும் அங்கனதான் இருப்பேன்."

பேச்சியம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. "நீயா? ராசாத்திக்கு நீ வேணுமேம்மா?"

"அதுக்கு என் சேல போதும் மக்கா," என்றாள் பொன்செல்வி. "உனக்குத்தான் நான் வேணும்."