மைக்கில் சொன்னது

லாய்ட் ப்ரெக்கே முப்பத்தொரு வருஷம் அமெரிக்காவின் வடக்கு விஸ்கான்சின் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஊரார் அவர் கையில் ஒரு மைக்கையும் மீன் அளக்கும் பலகையையும் கொடுத்தார்கள். ஜூன் முதல் சனிக்கிழமை குளத்தங்கரையில் நடக்கும் பிள்ளைகள் மீன்பிடிப் போட்டிக்கு அன்றிலிருந்து அவர்தான் நடுவர். நேர்மையான ஆள். சொந்தப் பேரனின் மீனையே கால் அங்குலம் குறைகிறது என்று தள்ளிவிட்டவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்குக் காலையிலிருந்தே கரை நிரம்பியிருந்தது. தீயணைப்பு நிலையத்து ஆட்கள் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தார்கள். லாய்டின் மனைவி ஆர்டிஸ் ஸ்ட்ராபெர்ரி கேக் மேசையில் நின்றாள். சாக்குப் போட்டிக்குப் பிள்ளைகள் இப்போதே சாக்குக்குள் இறங்கி விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். முதல் பரிசுக்கு ஒரு சிவப்புச் சைக்கிள். போட்டி முடியக் கால் மணி நேரம் இருந்தபோது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பெரிய பாஸ் மீன் ஒன்றை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பெயர் ஜோலின். நெடுஞ்சாலைக்கு அருகே சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகளில் குடியிருக்கும் டாரில் மெக்கானின் மகள். தூண்டிலைத் தூக்கிக்கொண்டு அப்பன் பின்னால் வந்தான்.

லாய்ட் பலகையில் மீனை வைத்தார். பதினெட்டரை அங்குலம். அதுவரை வந்ததில் அதுதான் பெரியது. நிமிர்ந்தவரின் கண் டாரிலின் கையிலிருந்த தூண்டிலில் விழுந்தது. மீனை இழுக்கும்போது பெரியவர்கள் தூண்டிலைத் தொடக்கூடாது என்பது விதி.

"இதப் பிடிச்சது யாரும்மா?" என்றார். மைக் திறந்தே இருந்தது.

"நான்தான். நானே இழுத்தேன்."

"அப்போ தூண்டில் ஏன் அப்பா கையில இருக்கு?"

"மீன நான் தூக்கணும்ல. ரெண்டையும் எப்படித் தூக்குவேன்?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். லாய்ட் டாரிலைப் பார்த்தார். முந்தின வருஷம் தடைக்காலத்தில் மீன் பிடித்ததற்காக அவன் அபராதம் கட்டியது ஊருக்கே தெரியும்.

"டாரில், போன வருஷம் மாட்டிக்கிட்டப்பவும் நீ இப்படித்தாம்ப்பா ஒரு கதை வச்சிருந்த."

ஒலிபெருக்கி அதைக் குளத்துக்கு அக்கரை வரை கொண்டுபோனது. இந்த முறை சிரிப்பு பலமாக எழுந்தது. டாரிலின் முகம் செத்துப்போயிற்று. "அவதான் பிடிச்சா" என்று மட்டும் சொன்னான். லாய்ட் செல்லாது என்று தலையை ஆட்டிவிட்டு மீனைத் தண்ணீரில் விட்டார். ஜோலின் அழவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். சாக்குப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தவள், அதற்கும் நிற்காமல் அப்பனோடு போய்விட்டாள். சைக்கிள் தீயணைப்புத் தலைவரின் மகனுக்குப் போனது.

இரண்டு வருஷம் கழித்து, போட்டியின் வெள்ளி விழாவுக்காகப் பழைய படங்களைத் தேடி அட்டையில் ஒட்டும் வேலை ஆர்டிஸிடம் வந்தது. நூலகத்துப் பெண் கொடுத்த பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்தவள் அதை விளக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"லாய்ட், இங்க வந்து இதப் பாரு."

அந்தப் போட்டி நாளில், குளத்துக்குள் நீண்ட மரத்தளத்தின் நுனியில் ஜோலின். உடம்பை முழுக்கப் பின்னுக்குச் சாய்த்திருந்தாள். தூண்டில் வில்லாக வளைந்திருந்தது. தண்ணீருக்கு மேலே மீனின் வால். பத்தடி தள்ளி டாரில், இரண்டு கையிலும் எலுமிச்சைச் சாற்றுக் கோப்பைகள் சிந்த, வாய் நிறையக் கத்திக்கொண்டு நின்றான்.

"அவ சொன்னா. நீ கேக்கல" என்றாள் ஆர்டிஸ்.

லாய்ட் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று மாலையே டிரெய்லர் வீட்டுக்குப் போனார். டாரில் கதவைத் திறந்தான். உள்ளே வரச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"தப்புப் பண்ணிட்டேன், டாரில். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"அன்னிக்கு மைக்ல சொன்னீங்க, மிஸ்டர் ப்ரெக்கே. இப்ப வாசல்ல நின்னு சொல்றீங்க."

அப்பனுக்குப் பின்னால் ஜோலின் வந்து நின்றாள். வளர்ந்திருந்தாள்.

"உனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தரேன்மா. அது உன்னோடதுதான்."

"என்கிட்ட சைக்கிள் இருக்கு" என்றாள் அவள். பிறகு, "அப்பா அதுக்கப்புறம் என்னை மீன் பிடிக்கக் கூட்டிட்டே போகல" என்றாள்.

"உள்ள போ, ஜோலின்" என்றான் டாரில்.

அந்த வருஷம் போட்டியன்று, பரிசுகளை அறிவிக்கும் முன் லாய்ட் மைக்கில் அதைச் சொன்னார். டாரிலின் பெயரைச் சொல்லி, தான் அன்று பொய்யன் என்று காட்டியவன் உண்மை பேசினான் என்றும், பதினெட்டரை அங்குல மீன் அந்தப் பெண்ணே பிடித்தது என்றும் சொன்னார். ஆனால் பான்கேக் வரிசையில் கூச்சலாக இருந்தது. தீயணைப்பு வண்டியிலிருந்து தண்ணீர் பீய்ச்சத் தொடங்கியதும் பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓடினார்கள். முன்வரிசையில் ஒரு பெண்மணி யாருக்கோ பரிசு என்று நினைத்துக் கை தட்டினாள். மெக்கான் குடும்பம் வந்திருக்கவில்லை.

"விடு லாய்ட், அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்று தோளில் தட்டினார் தீயணைப்புத் தலைவர்.

"அவங்களுக்கு இருக்கு" என்றார் லாய்ட்.

அடுத்த வருஷம் பலகையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, போட்டி நாளில் வயலில் கார்களை நிறுத்தி ஒழுங்குபடுத்தும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் நின்று, வயலுக்குள் திரும்பும் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் குனிந்து பார்ப்பார். ஆர்டிஸ் மதியம் கேக் கொண்டுவந்து கொடுப்பாள். யார் வந்தார்கள் என்று கேட்கமாட்டாள்.

ஜோலின் பதினாறு வயதில் கடைத்தெரு மளிகைக் கடையில் பில் போட வந்தாள். லாய்ட் மற்ற வரிசைகள் காலியாக இருந்தாலும் அவள் வரிசையில்தான் நிற்பார். ஒவ்வொரு முறையும் எதையாவது பேச வேண்டும் என்று நினைப்பார். அவள் முட்டையை மேலாக வைத்துப் பையைக் கவனமாக நகர்த்துவாள்.

"வேற ஏதாவது வேணுமா, மிஸ்டர் ப்ரெக்கே?"

"வேண்டாம்மா" என்று பையை எடுத்துக்கொள்வார்.