வேலைக்கோ, சபைக்கோ என்று கேட்டவள்

லோஜினி இறந்த செய்தி எனக்கு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை அவளுடைய மகள் தர்சினி போனில் சொன்னாள். நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில், உருளைக்கிழங்குத் தட்டை ஓவன் அடுப்புக்குள் தள்ளிக்கொண்டு நின்றேன். "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இரண்டாவது தடவை அன்று பின்னேரம் தமிழ் ரேடியோவில் கேட்டேன். "சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும், லண்டன் தோர்ண்டன் ஹீத்தை வசிப்பிடமாகவும் கொண்ட, பி.ஏ. பட்டதாரியும் ஆசிரியையுமான திருமதி லோஜினி சிவநேசன்..." முதல் செய்திக்கு அழுதேன். இரண்டாவது செய்திக்கு ரேடியோவை நிறுத்திவிட்டு எழும்பி நின்றேன். அந்தக் கோபம் இந்த முப்பத்தோராம் நாள் வரைக்கும் ஆறவில்லை.

லோஜினி பி.ஏ. இல்லை. ஆசிரியையும் இல்லை. அவள் நோர்பரியில் ஒரு நேர்சறியில் சின்னக் குழந்தைகளைப் பார்த்தவள். அந்த வேலைக்காக இரண்டு வருடப் பவுண்டேஷன் டிகிரி ஒன்று படித்தவள். அதைத் தெரியாத்தனமாகப் படிக்கவில்லை. யோசித்து, ஊரெல்லாம் விசாரித்து, தானே முடிவெடுத்துப் படித்தாள்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லித் தர்சினி கேட்டபோது, "எட்டாம் வகுப்போடை நிண்டனான் பிள்ளை, எனக்கு எழுத வராது" என்றேன். "கதைக்கிற மாதிரியே எழுதுங்கோ அன்ரி, நான் ஒண்டும் வெட்டமாட்டன், பிராமிஸ்" என்றாள். அந்தச் சொல்லை நம்பித்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் சான்ட்விச் பாக்டரியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். நான் வெண்ணெய் பூசுவேன், அவள் வெள்ளரிக்காய் வைப்பாள். லோஜினி ஊரில் சோதனை பாஸ் பண்ணியும் யுத்தத்தால் பல்கலைக்கழகக் கம்பஸுக்குப் போக முடியாமல் போன பிள்ளை. தர்சினி சின்னவளாக இருந்தபோது அவளை விடுகிற விளையாட்டுப் பள்ளியிலேயே ஓய்வு நாளில் நின்று உதவி செய்வாள். அங்கேதான் அவளுக்கு இந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னார்கள். அப்போது அது இந்த நாட்டுக்கே புதிது. வேலை செய்துகொண்டே படிக்கலாம், இரண்டு வருடம், விரும்பினால் மேலே இன்னொரு வருடம் படித்து முழு டிகிரி ஆக்கலாம்.

நோர்பரியில் ஒரு ஹோலில் பிறந்தநாள் விழா. அங்கேதான் இதை முதலில் வெளியே சொன்னாள். அவளுடைய கணவர் சிவநேசனின் தமையனார் மட்டன் ரோல் சாப்பிட்டுக்கொண்டு நின்றார். எஞ்சினியர். பெயரை நான் எழுதவில்லை. இந்த மலரின் முதல் பக்கத்தில் அவருடைய இரங்கலுரை இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டு வருசத்திலை டிகிரியோ?" என்றார். "அது அரை டிகிரி எண்டு சொல்லும். குழந்தைக்கு நப்பித் துணி மாத்திறதுக்கும் டிகிரியோ பிள்ளை?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பலர் செத்த வீட்டுக்கும் வந்திருந்தார்கள், பார்த்தேன்.

"படிக்கிறதெண்டால் எக்கவுண்டன்சி படியும். இல்லாட்டி மூண்டு வருசம் ஒழுங்கான டிகிரி ஒண்டு எடும். நாளைக்குச் சபையிலை சொல்ல ஒரு பெயர் வேண்டாமோ?"

லோஜினி கோபப்படவில்லை. "அண்ணை, படிக்கிறது வேலைக்கோ, சபைக்கோ?" என்று கேட்டாள்.

"ரெண்டுக்கும்தான்."

"எனக்கு ஒண்டுக்குத்தான் நேரமிருக்கு அண்ணை."

எவ்வளவு உண்மையாகச் சொல்லிவிட்டாள் என்று இப்போதுதான் விளங்குகிறது.

அவருக்கு அப்படிப் பதில் சொன்னவள், திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து மெல்லச் சொன்னாள்: "ராணியக்கா, அண்ணை சொல்லுறது பிழை எண்டு எனக்கும் நிச்சயமில்லை. பாக்டரியை விட்டுட்டு ரெண்டு வருசம் படிச்சு, பிறகு ஒருத்தரும் வேலை தரேல்லையெண்டால்? சிவா ஒராள் உழைச்சுத் தாங்குவாரோ?" பயம் அவளுக்கு இருந்தது. சிரித்தவர்களின் பேச்சுக்குப் பயப்படவில்லை. வீட்டைக் கவிழ்த்துவிடுவேனோ என்று பயந்தாள்.

"கொலிஜிலை போய்க் கேளன்" என்றேன்.

"அவை நல்லதெண்டுதான் சொல்லுவினம். மீன் விக்கிறவரிட்டை மீன் பழுதோ எண்டு கேக்கிற மாதிரி. வேலை குடுக்கிறவையைத்தான் கேக்கவேணும்."

கேட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தோர்ண்டன் ஹீத்தில் தொடங்கி நோர்பரி வரைக்கும், கண்ணில் பட்ட நேர்சறியின் மணியை எல்லாம் அடித்தாள். மழை. எனக்குச் செருப்புக்குள் தண்ணீர். ஓரிடத்தில் எங்கள் பிள்ளைக்கு இடம் கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்தார்கள். இன்னோரிடத்தில் மதம் பரப்ப வந்தவர்கள் என்று நினைத்து, "நன்றி, வேண்டாம்" என்று கதவைச் சாத்தினார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உனக்கு விசர் பிடிச்சிட்டுது, வா வீட்டை போவம்" என்றேன். "இன்னும் ஒரு கதவு அக்கா" என்றாள்.

அந்தக் கதவைத் திறந்தவர் பெவர்லி. ஜமேக்காக்காரி, நேர்சறியின் மனேஜர். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். லோஜினி நேராகவே கேட்டாள்: "நான் இதைப் படித்தால் நீங்கள் எனக்கு வேலை தருவீர்களா? எப்படிப்பட்ட வேலை?" பெவர்லி சொன்னார்: "கடதாசியைப் பார்த்து நான் ஆளை எடுக்கிறதில்லை. குழந்தையோடு எப்படி இருக்கிறாய் என்று பார்த்துத்தான் எடுப்பேன். ஆனால் ஒரு அறையை உன்னிடம் பொறுப்பாகத் தருவதென்றால், என்னைக் கேள்வி கேட்கிறவர்களுக்கு இனிமேல் படிப்பையும் காட்டவேண்டும். இப்போதே உதவியாளாகச் சேர். படி. முடித்தால் அறை உனக்கு."

"மூன்றாம் வருடமும் படிக்கவேண்டுமா?"

"பள்ளிக்கூடத்தில் ரீச்சராகப் போக விருப்பமா?"

"இல்லை. எனக்குச் சின்னப் பிள்ளைகள்தான் விருப்பம்."

"அப்படியென்றால் என் கதவுக்கு இரண்டு வருடம் போதும்."

வெளியே வந்ததும் எனக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். "கேட்டியளோ அக்கா? கதவு திறக்கிற ஆளே சொல்லிப்போட்டா" என்று சொல்லி, மழைக்குள் நின்று என்னுடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் முடிவெடுத்தது அந்த நடைபாதையில்தான். அரைகுறை என்று சொன்னவர்களில் ஒருவராவது ஒரு கதவைத் தட்டிக் கேட்டார்களா?

அந்த இரண்டு வருடத்தில் அவள் பட்ட பாட்டை நான் அறிவேன். தர்சினியைப் பள்ளியில் இருந்து நான் கூட்டிவந்து என் வீட்டில் வைத்திருப்பேன். லோஜினி வந்து என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையிலேயே எழுதுவாள். ஒரு குழந்தையைப் பக்கத்தில் இருந்து பார்த்து, அது செய்வதை அப்படியே எழுதவேண்டும் என்று ஒரு பாடம். பழகிப் பார்க்க என்னுடைய மனுசனைப் பிடித்துக்கொண்டாள். ரி.வி.க்கு முன்னால் இருந்தவரை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதி, எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள்: "இந்தப் பிள்ளை ரிமோட்டை ஒருத்தரோடையும் பகிர்ந்துகொள்ளாது. பசி வந்தால் அழாது, குசினியைப் பார்த்து இருமும்." அவரே விழுந்து விழுந்து சிரித்தார். செய்தி அறிந்த நாளில் அதைச் சொல்லித்தான் அழுதார்.

பட்டமளிப்புக்குச் சொந்தக்காரர் ஒருவரும் வரவில்லை. சிவநேசன், தர்சினி, நான், அவ்வளவுதான். கறுப்புக் கவுன் போட்டு எடுத்த படத்தை வீட்டு ஹோலில் மாட்டப் போனபோது, "இப்ப மாட்டாதையும், முழுசா முடிச்சிட்டு மாட்டும், வாறவை கேட்டால் என்ன சொல்லுறது?" என்று சொல்லி அனுப்பினார் எஞ்சினியர். சிவநேசன் நல்ல மனுசன், ஆனால் தமையனுக்கு எதிராக வாய் திறக்கத் தெரியாதவர். படம் படுக்கையறை அலுமாரிக்கு மேல் போனது. அதே படத்தைத்தான் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை போட்டு, செத்த வீட்டில் வாசலில் வைத்திருந்தார்கள். அந்தப் படம் வெளியே வர அவள் சாகவேண்டியிருந்தது.

பெவர்லி சொன்ன சொல் தவறவில்லை. படிப்பு முடிந்ததும் லோஜினியிடம் அறையைக் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஹோலில் சிரித்தவர்களின் வீடுகளில் இருந்து இரகசியமாகப் போன் வரத் தொடங்கியது. "என்ர மகளும் உதைப் படிக்கலாமோ? ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்." அவள் ஒருவரையும் குத்திக் கதைக்கவில்லை. எல்லோரிடமும் அதே கேள்விதான்: "வேலைக்கோ, சபைக்கோ? வேலைக்கெண்டால் எந்த வேலை? தாறவர் ஆர்? அவரைக் கேட்டனீங்களோ?"

எல்லோருக்கும் "படி" என்று சொன்னவளும் அல்ல. எங்கள் தெருவில் மலேசியாக்காரி சரோஜா இருக்கிறார், கவுன்சில் ஒபிசில் வேலை. "நான் வேலைய விட்டுட்டு இந்த ரெண்டு வருஷப் படிப்பு படிக்கலாம்னு பாக்குறேன் லா" என்று வந்தார். படித்தால் பதவி உயர்வு தருவார்களா என்று லோஜினி கேட்டாள். அதை விசாரிக்கவில்லை என்றார் சரோஜா. விசாரித்துப் பார்த்தால் அந்த ஒபிசில் ஒரு குறுகிய கோர்ஸே போதும், அதையும் அவர்களே செலவழித்துப் படிப்பிக்கிறார்கள். "அப்ப வேலையை விடாதேங்கோ அக்கா, உங்களுக்கு இது தேவையில்லை" என்றாள். செத்த வீட்டில் சரோஜா என் தோளில் சாய்ந்து, "வேணாம்னு சொல்லவும் ஒரு ஆள் வேணும்ல" என்றார்.

மூன்றாம் வருடத்தைப் படிக்கச் சொல்லி எஞ்சினியர் கடைசி வரைக்கும் விடவில்லை. "ஏறின ஆள் பாதிவழியிலை நிண்டால் சனம் என்ன சொல்லும்?" என்று ஒரு தீபாவளியன்று கேட்டார். லோஜினி சொன்னாள்: "அண்ணை, நான் பாதிவழியிலை நிக்கேல்லை. என்ர ஸ்டொப்பிலை இறங்கிட்டன். பஸ் எங்கை போய் முடிஞ்சால் எனக்கென்ன?"

படிப்பில் தன்னுடைய ஸ்டொப்பில் இறங்கினவள். உயிரில் அப்படி இறங்கவில்லை. வயிற்றில் வந்த நோய் அவளைப் பிடித்துத் தள்ளி இறக்கிவிட்டது. மகள் இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. கடவுளோடு இதைப் பற்றி எனக்கு ஒரு பேச்சும் இல்லை. பேசத் தொடங்கினால் கோபத்தில் என்ன சொல்வேனோ தெரியாது.

செத்த வீட்டில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். பெவர்லி கறுப்புக் கோட்டோடு வந்திருந்தார். எஞ்சினியர் அவரை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தி, லோஜினி இங்கே பி.ஏ. முடித்தவள் என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னார். பெவர்லி தலையை ஆட்டினார். "இல்லை, அவள் இரண்டு வருடப் பவுண்டேஷன் டிகிரிதான் செய்தாள். படிப்புக்குப் பெயர் கொடுக்கிறதுக்கு முன்னால் என் கதவைத் தட்டிக் கேட்டாள். இத்தனை காலத்தில் அப்படி வந்து கேட்டது அவள் ஒருத்திதான்." அவருக்கு அது பெருமை. எங்கள் ஆட்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

பெவர்லி போனபிறகு நான் எஞ்சினியரிடம் போனேன். "அண்ணை, ஏன் ரேடியோவிலை பொய் சொன்னனீங்கள்?"

"பொய்யோ? செத்த ஆளுக்கு ஒரு மரியாதை, ராணி. உதையெல்லாம் சனத்துக்கு விளங்கப்படுத்திக்கொண்டு நிக்க ஏலுமோ?"

"உயிரோடை இருக்கேக்கை குடுத்திருக்கலாமே அந்த மரியாதையை."

"உமக்கு இது விளங்காது. நீர் படிச்ச ஆளில்லை."

ஓம், உண்மைதான். நான் படித்த ஆளில்லை. ஆனால் ஒருத்தி தேடித் தேடித் தெரிந்தெடுத்த ஒன்றை, அது உங்களுக்கு வெட்கம் என்பதற்காக அவள் கண்மூடினதும் பறித்துவிட்டு, அவள் வேண்டாம் என்ற ஒன்றை அவள் பெயருக்குப் பின்னால் ஒட்டுவது மரியாதை இல்லை என்று விளங்க, எட்டாம் வகுப்புப் போதும்.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. அவளுடைய சாம்பல் வைக்கிற இடத்தில் ஒரு பெயர்ப்பலகை பதிக்கப் போகிறார்கள். அதிலும் பி.ஏ. என்று போடவேண்டும் என்று பேச்சு நடக்கிறது. தர்சினி வேண்டாம் என்கிறாள். சிவநேசன் வழக்கம்போல் பேசாமல் இருக்கிறார். சிவா, இதை உமக்குத்தான் எழுதுகிறேன். ரேடியோவில் சொன்னது காற்றோடு போய்விடும். பலகையில் வெட்டினால் உம்முடைய மகள் பூக்கொண்டு வரும்போதெல்லாம் அந்தப் பொய்யைத்தான் வாசிப்பாள். போடுவதென்றால் அவள் படித்ததைப் போடும். இல்லையென்றால் லோஜினி என்று மட்டும் போடும். அவளிடம் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் போதும்.

அவளுடைய பொருள் ஒன்றும் நான் கேட்டு வாங்கவில்லை. அவளுடைய கேள்வியை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து, பலகையைப் பற்றிப் பேச எல்லோரும் கதிரைகளை இழுத்துப் போட்டு உட்காரும்போது, நான் எழும்பி நின்று அதைக் கேட்பேன். இந்த மலரை அங்கேயே விரித்து வாசிக்கிறவர்கள் தலையை நிமிர்த்திப் பதில் சொல்லுங்கள்.

இந்தப் பலகை லோஜினிக்கோ, சபைக்கோ?