மச்சுப் பலகையின் சூடு

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் துணி காயாது. ஆனாலும் பள்ளிக்கூட நாட்களில் நான் ஒருநாளும் ஈரச் சட்டையோடு போனதில்லை. எங்கள் வீட்டில் கீழே அடுக்களை, மேலே மச்சு. நடுவில் தேக்கு உத்திரங்களும் அவற்றின் மேல் அடித்த பலகைகளும்தான். விறகடுப்புக்கு நேர் மேலே பலகை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். சட்டையும் டிரவுசரும் அங்கே விரிந்து கிடக்கும். பக்கத்தில் நானும் தங்கையும் படுத்துக்கொள்வோம். காலையில் சட்டையை மாட்டினால் முதுகெல்லாம் கதகதவென்று, லேசான புகை வாசத்தோடு இருக்கும். அந்தச் சுகத்தை அப்புறம் வேறெதிலும் கண்டதில்லை.

போன வருஷம் வீட்டைப் புதுப்பித்தபோது அந்த அடுப்பை இடித்ததும் நான்தான். அம்மாவுக்குப் புகை ஆகாது என்று நானே முடிவு செய்து, அடுக்களையைப் பின்கட்டுக்கு மாற்றி, கேஸ் அடுப்பு வைத்தேன். யாரையும் கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. இந்தச் சாரலில் அம்மா படுக்கிற மச்சு ஜில்லிட்டுப்போயிற்று. அம்மாவின் முழங்கால் வீங்கியது. கீழே வந்து படு என்றால் கேட்கவில்லை. ஒருநாள் பையைக் கட்டி வைத்துவிட்டாள்.

"சாரல் முடியுத வரைக்கும் புளியங்குடில உன் தங்கச்சிகூட இருந்துக்கிடுதேன்லே."

அங்கே நல்ல வெயில், அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் போனால் திரும்பி வரமாட்டாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வாரம் பொறுத்துக்கொள் என்று கெஞ்சினேன்.

குளிர் தேசத்தில் இருந்துவிட்டு வந்த நண்பன் ஒருவன், தரைக்கடியில் மின்சாரச் சூடு வைக்கலாம் என்றான். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆசாரி பலகைகளைக் கழற்றினார். அடிப்பக்கம் புகையேறிக் கறுத்திருந்ததை வைத்துப் பழைய அடுப்பின் இடத்தைக் கண்டுபிடித்தோம். அதே இடத்தில், உத்திரங்களுக்கு நடுவே சூடு கீழே இறங்காமலிருக்க அட்டை செருகி, அதன்மேல் எலெக்ட்ரீஷியன் ஒயர் பின்னிய பாயை விரித்தார். ஒயரில் ஆணி படாமல் பலகைகளைத் திரும்ப அடிப்பதற்குள் ஆசாரிக்கு வேர்த்துவிட்டது. சூட்டை அதிகம் வைத்தால் பழைய மரம் வெடித்துவிடும், மேலே எதையும் போட்டு மூடக் கூடாது என்று பத்துத் தடவை சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை மேலே போய்ப் பார்த்தால், எனக்கு வந்ததே கோபம். சூடான இடம் முழுக்க என் பேன்ட், சட்டை, துண்டு. அம்மா ஜன்னலோரம், சாரல் தெறிக்கிற பலகையில் சுருண்டு படுத்திருந்தாள். இதற்கா இத்தனை பாடு என்று கத்திவிட்டேன்.

அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. "ஈரத்தோட வேலைக்குப் போவியாலே? அப்பவும் நான் இங்கனதான படுப்பேன்."

 எங்களுக்கும் துணிக்கும் போக மிச்ச இடத்தில் அவள் எங்கே படுத்தாள் என்று, அத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை.

துணிகளை வாரி எடுத்துவிட்டு அவளைச் சூட்டில் படுக்கவைத்தேன். முனகிக்கொண்டே படுத்தவள், கொஞ்ச நேரத்தில் காலை நீட்டிக்கொண்டாள். அன்று ஈரச் சட்டையோடுதான் தென்காசிக்கு பஸ் ஏறினேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவளுடைய பை காலியாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.