ஏழு காய்கள்

பாலர் பள்ளியில் உதவியாளராக இருந்த நான், ஆசிரியையாவதற்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. நாற்பது வயதில் இது தேவையா என்று எரிச்சலாக வந்தது. ஒரே வாக்கியத்தில் இரண்டு பெண்களைக் கொண்டுவந்துவிட்டு, பின்னால் வரும் ‘ஷீ’ யாரைக் குறிக்கிறது என்று கேட்பார்கள். ஒருவரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும் சொற்களுக்கு இருபுறமும் கமா வேண்டுமா, வேண்டாமா என்பார்கள். எனக்கு எல்லாக் கமாவும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

பயிற்சித் தாளைத் திருத்துவது என் கணவர். மலேசியாவில் பகாவ் ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலை. அவருக்கு ஆங்கிலம் வராது. ஆனால் ஏ, பி, சி, டி தெரியும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலுள்ள விடைகளோடு ஒப்பிட அது போதும். வெட்டிப் போட்ட குலைகளில் பழுக்காத காயைப் பார்த்து, சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுப் பழகிய கை அது.

ஒரு நாள் பத்தில் ஏழு தப்பு. அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, என் பென்சிலை எடுத்து அந்த ஏழு கேள்வி எண்களைச் சுற்றியும் சின்னதாக வட்டம் போட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“தப்புன்னா தப்புன்னு போடுங்க. தோட்டத்துல யாரையாவது இப்படி விடுவீங்களா?”

“அங்க காய வெட்டிட்டா வெட்டினதுதான். திரும்ப மரத்துல ஒட்ட முடியாதுலா. இது தாளுதானே.”

வட்டங்களை மட்டும் விட்டுவிட்டு, என் ஏழு விடைகளையும் அவரே அழித்தார். தூளை ஊதிவிட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.