மேலே கொக்கி இல்லாத மேடை

"அம்மா, நீ வா. ஆனா அங்க வந்து வாயைத் தெறக்கக் கூடாது."

என் மகள் போட்ட நிபந்தனை இது. எழுபதுகளில் ஒரு வருஷம், அவளுக்கு ஒன்பது வயது. மகாபலிபுரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து எட்டுப் பெண்பிள்ளைகள் மெட்ராசுக்குப் பின்னல் கோலாட்டம் ஆடப் போகிறார்கள். டீச்சரம்மாவுக்குத் துணையாக ஒரு தாய் வேண்டும். மற்ற வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அன்றைக்கென்று ஆயிரம் வேலை முளைத்துவிட்டது. நான் கிளம்பினேன்.

நான் கரையில் மீன் ஏலம் விடுபவள். கட்டுமரம் மணலைத் தொட்டதும் அலைச் சத்தத்துக்கு மேலே என் சத்தம் கேட்க வேண்டும். அந்தக் குரலை வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஆணியில் மாட்ட முடியுமா? பள்ளிக்கூட வாசலில் நான் கூப்பிட்டால் பிள்ளைகள் சிரிக்கும், இவள் தலையைக் குனிந்துகொள்வாள். எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும், "சரிடி, ஊமையாவே வரேன்" என்றேன்.

பஸ்ஸில் ஒருத்தி வாந்தி எடுத்தாள், இன்னொருத்தி ரிப்பனைத் தொலைத்தாள். எல்லாவற்றையும் சைகையிலேயே சமாளித்தேன். எனக்குப் பேச்சே வராது என்று கண்டக்டர் முடிவு கட்டிவிட்டார், பாவம். இறங்கும்போது அவரும் என்னிடம் ஜாடைதான் காட்டினார்.

மேடைக்குப் பின்னால் போனதும்தான் டீச்சரம்மாவின் முகம் வெளுத்தது. இந்த ஆட்டத்துக்கு எட்டுக் கயிறும் உச்சியில் ஓரிடத்தில் கட்டித் தொங்க வேண்டும். ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டு மாறி மாறிச் சுற்றினால் கயிறு பின்னிக்கொள்ளும், அதே வழியில் திரும்பிச் சுற்றினால் பிரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பூவரச மரத்துக் கிளையில் கட்டித்தான் பழகினார்கள். மெட்ராஸ் மேடையில் மரம் இருக்காது என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கயிற்றை மறக்காமல் கொண்டுவந்துவிட்டோம், கிளையை எப்படிக் கொண்டுவருவது!

"மேல கொக்கியெல்லாம் கிடையாதுங்க. அடுத்தது நீங்கதான்" என்றார் மேடைப் பொறுப்பில் இருந்தவர்.

பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். என் மகள் மட்டும் அழவில்லை. கோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏறப்போகிற முதல் மேடை அது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து நடு மேடையில் போட்டு ஏறி, கயிறுகளின் முடிச்சை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

"ஏம்மா, இன்னா பண்றே?" என்றார் டீச்சரம்மா. நான் வாயைப் பொத்திக் காட்டினேன்.

திரை விலகியதும் சபையே சிரித்தது. மகளின் காது சிவந்துபோனது. பாட்டு ஆரம்பித்ததும் சிரிப்பு அடங்கியது. கயிறு என் கையைச் சுற்றி, தலையைச் சுற்றிப் பின்னிக்கொண்டே இறங்கியது. வலையில் மாட்டிய மீன் மாதிரி உள்ளே நான் நின்றேன். கை கடுத்துப்போயிற்று, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

பின்னல் பிரிகிற நேரம். என் மகள் தோழிக்கு உள்பக்கமாக நுழைய வேண்டியவள், வெளிப்பக்கமாகக் காலை எடுத்து வைத்தாள். மேலேயிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. 'இந்தாண்ட வாடி!' என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கொடுத்த வாக்கு வாக்குதான் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் வெளிப்பக்கமாகவே போனாள். கயிறு சிக்கிக்கொண்டது, திரை விழுந்தது. என்னைப் பிரித்தெடுக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடையில் ஏறி மானத்தை வாங்கிவிட்டேன் என்ற கோபம் என்று நினைத்தேன். திடீரென்று என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"நான் தப்பா போறது உனுக்குத் தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுது."

"பின்ன ஏன் கத்தல?"

"நீதானடி வாயைத் தெறக்காதன்னே."

"அதுக்குன்னு?" என்று அழுதாள். "நீ கத்துவேன்னுதானே மேல பாத்தேன்."

கரையையே எழுப்புகிற என் குரலில், பஸ்ஸே திரும்பிப் பார்க்க, "இந்தாண்ட வாடி!" என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.