கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஜெகதீஸ்வரி

வாக்கே இல்லாத ஒருத்தி, தேர்தல் தொகுதியின் எல்லைக்காக ஏன் நீதிமன்றப் படி ஏறினாள்?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பனி கொட்டும் சென்ட் லோரன்டில் ஜெகதீஸ்வரி குடியிருந்த தெருவின் நடுவால் புதிய தொகுதிக் கோடு போனது. எதிரெதிர் வீடுகள் வேறுவேறு தொகுதிகளாயின. இரண்டு பக்கமும் சேர்ந்து கேட்டதால்தான் முன்பு ஒரு பஸ் தரிப்பிடம் கிடைத்திருந்தது. பாதியாய்ப் பிரிந்தால் இனி யார் திரும்பிப் பார்ப்பார்? தெரு வழக்குப் போட்டது.

டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுவது அவள் வேலை. குடியுரிமைக்கு அவள் விண்ணப்பித்ததே இல்லை, அதனால் வாக்கும் இல்லை. ஆனாலும் வீடு வீடாய் ஏறி, நீதிமன்றத்துக்கு எழுதிக்கொடுக்கும் சத்தியக்கடதாசிகளைச் சேர்த்தது அவள்தான்.

பிழையும் அதில்தான் நடந்தது. எந்த இடத்தைச் சேர்ந்தவர் என்ற கேள்விக்கு, பழக்கதோஷத்தில் எல்லோரும் கரவெட்டி, அளவெட்டி, நெடுந்தீவு என்று பிறந்த ஊரை எழுதிவிட்டார்கள். சட்டத்தரணி றெஜினா அவசரத்தில் பார்க்காமல் தாக்கல் செய்துவிட்டாள்.

“அக்கா, இது வழக்கா, யாழ்ப்பாண பஸ் ரூட்டா?” என்று நீதிமன்ற வாசலில் வைத்துத் தலையில் கைவைத்தாள் றெஜினா.

“ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் பிள்ளை சொல்லுவினம். நானும் இணுவில் எண்டுதான் எழுதினனான்.”

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதையே பிடித்துக்கொண்டார். “இவர்கள் ஒரே சமூகமில்லை, பல இடத்து ஆட்கள். அம்மா, உங்களுக்கு வாக்கும் இல்லை. இந்தத் தெருவை எதுதான் ஒன்றாக்குகிறது?”

“பனி, ஐயா.”

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். அவள் நிறுத்தவில்லை.

“பனி அள்ள வாற அண்டு சைரன் ஊதும். எங்கட பக்கத்துக் காரெல்லாம் எதிர்வீட்டு முற்றத்துக்குப் போகும். அடுத்தநாள் அவையின்ரை எங்கட பக்கம் வரும். இல்லாட்டி லொறி இழுத்துக்கொண்டு போயிடும். வேலைக்குப் போறவையின்ர கார்த் திறப்பெல்லாம் என்னட்டைத்தான் குடுத்திட்டுப் போவினம். எதிர்வீட்டுக் குணரத்தினம் அண்ணைக்குப் போன் அடிப்பன். அவர் வந்து எடுத்து விடுவார்.”

“உங்கள் கார் எங்கே போகும்?” நீதிபதியே கேட்டார்.

“எனக்குக் கார் இல்லை, ஐயா. ஓடவும் தெரியாது.”

நீதிபதி சிரித்துவிட்டார். அவரும் பனிக்காலத்தில் கார் நகர்த்துகிற மனிதர்தானே.

அந்தப் பதிலைப் பெரிய சாமர்த்தியம் என்று சொல்லமாட்டேன். ஒருவர் எந்த இடத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பிறந்த இடம் சொல்லுமா, செய்கிற காரியம் சொல்லுமா என்பது பழைய கேள்வி. அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். தெருவைப் பிரிக்கக்கூடாது என்று வந்த தீர்ப்புக்குப் பிறகு கோடு தெருவை விட்டு ரயில்பாதைப் பக்கம் நகர்ந்தது.

எதிர்வீட்டுக் குணரத்தினம் சுடச்சுட ரோல்ஸ் வாங்கிய பெட்டியோடு வந்தார். “தங்கச்சி, வழக்கு வெண்டாச்சு. இனி உமக்கும் ஒரு வாக்கு வேணும். நாளைக்கே அப்ளை பண்ணும்.”

“ஓம் அண்ணை, பேந்து பாப்பம்.”

பனி கரைந்ததும் அவள் விண்ணப்பம் எதுவும் போடவில்லை. குணரத்தினத்தின் காரில் ஏறிக் கார் ஓடப் பழகத் தொடங்கினாள்.

“வாக்கை விட்டிட்டு இதென்ன புதுப் பழக்கம்?” என்றார் அவர்.

“அடுத்த பனிக்குக் காரெல்லாம் நானே எடுத்துவிடுவன். முதல்ல இந்தக் கண்ணாடியைத் திருத்திவிடுங்கோ அண்ணை,” என்றாள்.