வாயை அடக்கித் தேரி கடந்த நாள்

பேசாமல் இரு என்றால் எனக்கு மூச்சு முட்டும். குறை சொல்லாமல் இரு என்றால் உயிரே போய்விடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம். பாளையங்கோட்டையில் உபாத்தியாயினிப் படிப்பை முடித்திருந்தேன். கடலோர ஊர் ஒன்றின் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. சாத்தான்குளத்து வீட்டிலிருந்து அங்கே போகத் தேரிக்காட்டைக் கடக்க வேண்டும். மேடுமேடாகச் செம்மணல், பனை, முள் அடர்ந்த ஓடைமரம், அரைநாள் நடை. அப்பா உபதேசியார், ஊர் ஊராக நடந்தே பிரசங்கம் செய்கிறவர்.

"நானே கொண்டுபோய் விடுதேன். ஆனா வழியில முடியலன்னு ஒரு சொல் வந்துச்சோ, அங்கனயே திரும்பிருவோம். வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

வீட்டில் ஒரே சிரிப்பு. எப்படியும் திரும்பிவிடுவேன் என்று, அம்மா மறுநாள் ராத்திரிச் சோற்றுக்கு என் பங்கு அரிசியையும் எடுத்து வைத்தாள். எனக்கு வந்த ஆத்திரம்!

விடியுமுன் கிளம்பினோம். வெயில் ஏற ஏற மணல் காய்ந்து பாதம் பொரிந்தது. குறை சொல்லக் கூடாது. சும்மாவும் வர முடியாது. அதனால் மெச்ச ஆரம்பித்தேன்.

"ஆகா, என்ன சூடுப்பா! காலுக்கு ஒத்தடம் குடுத்த மாதிரி இருக்கு."

அப்பா திரும்பவில்லை. ஓடைமுள் ஒன்று குதிகாலில் ஏறியது.

"இந்தக் காட்டு முள்ளு எம்புட்டு நேரா வளந்திருக்கு பாருங்க!" என்றேன், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட. அப்பாவின் தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன்.

பெரிய மேட்டின் உச்சியில் மணல் சரிந்தது. குடையும் வேதப்புத்தகப் பையும் என் துணிமூட்டையுமாக அப்பா உட்கார்ந்தபடியே சர்ரென்று அடிவரை போய்விட்டார். பதறி ஓடிய நான் தடுக்கி உருண்டேன். வாய் நிறைய மணலோடு பக்கத்தில் போய் விழுந்தால், மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்! வெள்ளை வேட்டி செக்கச்செவேல்.

"ஏட்டி, இதையும் கொஞ்சம் மெச்சு!"

"பல்லு விளக்க நல்ல மணலுப்பா!"

எழுந்திருக்கவே நேரமாயிற்று. அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் இரண்டு மேடு, வேண்டுமென்றே சறுக்கினோம்.

மத்தியானம் கடைசி மேட்டில் ஏறினோம். கீழே கடல்! அதுவரை நான் கண்டதில்லை. கரையில், கூப்பிடு தூரத்தில், பள்ளிக்கூடம். பார்த்த மாத்திரத்தில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். கொப்புளமெல்லாம் உடைந்து தீயாக எரிந்தது. மெச்ச ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அழுகை முட்டியது. வாயைத் திறந்தேன்.

"முடியல" என்றார் அப்பா.

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"இனி ஒரு எட்டு வைக்க என்னால முடியாதும்மா."

"அப்போ திரும்பணுமாப்பா?"

"முடியலன்னு சொன்னவன்தான திரும்பணும்? நான் திரும்புதேன். நீ பையப் பைய எறங்கிப் போ."

மூட்டையை என் கையில் கொடுத்தார். நொண்டி நொண்டி இறங்கினேன். பள்ளிக்கூட வாசலில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவர் உச்சியிலேயே நின்றுகொண்டிருந்தார். கையை ஆட்டினேன். குடையை ஆட்டினார். பிறகு, ஒரு எட்டு வைக்க முடியாத அந்த மனுஷர், ஓட்டமும் நடையுமாக அந்தப் பக்கம் இறங்கிப் போனார்.